இந்தக் கை ஆரின்ரை?

"இந்தக் கை ஆரின்ரை?"

அம்மா கைத்தொலைபேசியை மூக்குக் கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஞாயிறு காலை. மேசையில் இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருந்தன. நான் அப்போதுதான் கல்கிசைக் கடற்கரையிலிருந்து வந்து, குளித்து, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் குடும்பக் குழுவில் நான் சற்று முன் போட்ட வீடியோ. அதில் ஐம்பது தாண்டிய ஒரு பெண், அதாவது நான், நீட்டுப் பலகையொன்றின் மேல் எழும்பி நின்று, இரண்டு கைகளையும் விரித்து, அலையோடு கரைக்கு வருகிறாள். கனடாவில் இருக்கும் தம்பி கைதட்டுகிற படங்களை வரிசையாகப் போட்டிருந்தான். லண்டன் மச்சாள் "எங்கடை சுகியா இது!" என்று எழுதியிருந்தாள். சுகி நான்தான். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

"எந்தக் கை அம்மா?"

"இந்தா, தொடக்கத்திலை. நீ எழும்ப முதல் பலகையின்ரை வால் பக்கம் ஒரு கை வந்து தள்ளிப்போட்டுப் போகுது. மணிக்கூடும் கட்டியிருக்கு."

வீடியோ எடுத்தவள் என் சிநேகிதி ஸ்டெல்லா. முன்பக்கத்தை வெட்டிவிட்டு அனுப்படி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வெட்டித்தான் இருக்கிறாள், ஒரு கை மிச்சம்.

"அது ருவன்ரை கை. அங்கை பழக்கிற ஆள். எல்லாரையும் அப்பிடித்தான் தள்ளி விடுறவை."

அம்மா தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "அப்ப நீ அலை பிடிக்கேல்லை. அவன் பிடிச்சுத் தந்திருக்கிறான்."

எனக்கு வந்த கோபத்துக்குச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பியிருப்பேன். கடலில் குளித்த பசி விடவில்லை.

செருப்புக் காவல்

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் வாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாடிவீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்காக நான் போட்ட சண்டையைப் படித்துவிட்டு, "இவவோடை எப்பிடித்தான் ஒரு மனிசன் குடித்தனம் நடத்துறாரோ" என்று ஒருவர் என் கணவரிடமே கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு வந்திருக்கிறார். அதனால்தான் நடத்துகிறார்.

அந்த வாய்தான் என்னைக் கடலுக்குள்ளும் இறக்கியது.

நானும் ஸ்டெல்லாவும் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் வேலை. நான் வெள்ளவத்தை, அவள் கொட்டாஞ்சேனை. முன்னும் பின்னும் மேசை போட்டு இருபது வருடத்துக்கு மேலாகக் கப்பல்களை வரவேற்று வழியனுப்பி வருகிறோம். எந்தக் கப்பல் எப்போது துறைமுகத்துக்குள் வரும் என்பது எங்களுக்கு அத்துப்படி. ஆனால் நான் கணுக்கால் நனையக் கடலில் நின்றதில்லை.

ஒரு மார்கழியில் அலுவலகச் சுற்றுலாவுக்கு வெலிகமவுக்குப் போனோம். அங்கே கடற்கரை நீளத்துக்கும் அலைச்சறுக்குப் பழக்குகிற ஆட்கள். எங்கள் இளசுகள் எல்லாம் பலகையை வாடகைக்கு எடுக்க ஓடின. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி திரும்பி வந்து, நல்ல மரியாதையாக, "அன்ரி, நீங்க ரெண்டு பேரும் பையெல்லாம் பாத்துக்கொள்ளுங்கோ, என்ன?" என்றாள்.

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, இவகிட்டப் போய்ச் சொன்னியே பிள்ளை" என்றாள்.

அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தவள். பள்ளிக்கூடத்தில் நீர்கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது முழு வகுப்பும் தண்ணீரில் நிற்க, நான் மட்டும் ரீச்சரின் குடைக்குக் கீழே முப்பது சோடிச் செருப்புகளோடு இருந்தேன். கலியாணம் முடித்துக் காலி முகத்திடலுக்குப் போனால் அங்கேயும் அப்படித்தான். மச்சாள்மாரின் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் செருப்பைத் தந்துவிட்டுத்தான் கடலுக்கு ஓடுவார்கள்.

பைகளை அந்தப் பெட்டையின் தோளிலேயே மாட்டிவிட்டு, நானும் ஸ்டெல்லாவும் பலகைக்காரனிடம் போனோம். அன்று எத்தனை முறை கவிழ்ந்தேன், எவ்வளவு உப்புத் தண்ணீர் மூக்கால் போனது என்பதெல்லாம் கணக்கில்லை. பின்னேரம் பஸ்ஸில் வரும்போது என் தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி நோவு. ஆனாலும் வாயை மூடாமல் கதைத்துக்கொண்டே வந்தேன்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் கல்கிசை. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறியது தெரியாமல் இறங்கலாம்.

தண்ணீரில் கண்டம்

நான் ஏன் செருப்புக்குக் காவல் இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்த கையோடு என் சாதகத்தைப் பார்த்த சாத்திரியார், "பிள்ளைக்குத் தண்ணியிலை கண்டம் இருக்கு. ஐம்பது தாண்டினால் ஆயுசு கெட்டி" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். மாட்டிக்கொண்டது நான். வாளித் தண்ணீரில் குளிக்கும்போதும் யாராவது கதவுக்கு வெளியே நிற்பார்கள்.

இதில் பகிடி என்னவென்றால், எங்கள் வீடு இருக்கிற ஒழுங்கை காலி வீதியில் தொடங்கிக் கடலில் முடிகிறது. நடுவில் ரயில் தண்டவாளம் மட்டும்தான். மாலையில் அம்மா என்னைத் தண்டவாளம் மட்டும் கூட்டிக்கொண்டு போவார். அதுதான் எல்லை. மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கம் கருங்கற்களில் தாவிக்கொண்டிருக்க, நான் இந்தப் பக்கம் கடலை வாய் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வெள்ளவத்தையில் கடற்பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நடக்கப் பழக்கும்போதே இன்னொன்றும் பழக்கிவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு முழக்கம் கேட்கிறதா, கால்களுக்குக் கீழே நிலம் அதிர்கிறதா, நின்றுவிட வேண்டும். யோசிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, ஓடவும் கூடாது. "நில்லு!" என்று அம்மா ஒரு சத்தம் போடுவார். நான் மட்டுமில்லை, ஒழுங்கையில் போகிற நாயும் நிற்கும். ரயில் போய் முடிந்தபிறகுதான் மூச்சு விடலாம்.

இதை இப்போது சும்மா சொல்லவில்லை. காரணம் பிறகு வரும்.

அன்று இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டே நான் அம்மாவிடம் பாய்ந்தேன். "சாத்திரி சொன்ன வயசும் தாண்டியாச்சு. கடலிலையும் இறங்கியாச்சு. நான் உயிரோடைதான் இருக்கிறன். இனி என்ன குறை? தள்ளினால் என்ன, தள்ளாட்டி என்ன?"

அம்மா சொதிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, உப்புப் புளி கேட்கிற மாதிரிச் சாதாரணமாக அந்தக் கதையைச் சொன்னார்.

சாத்திரியார் சொன்ன கிழமையே அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு நேர்த்தி வைத்திருக்கிறார். 'இவள் தானாகக் கடலுக்குள் போய், தானாக அலை தாண்டிக் கரைக்கு வாற நாள் வரைக்கும் நான் கடலிலை கால் வைக்க மாட்டன்.'

"அதாலைதான் நீங்கள் தண்டவாளத்தைத் தாண்டுறேல்லையோ?"

"பின்னை? எனக்கென்ன கடல் பிடிக்காதெண்டு நினைச்சியோ?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மா பருத்தித்துறைக்காரி. அண்ணன்மாரோடு போட்டிக்கு நீந்தினவர் என்று மாமாமார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் கலியாணத்துக்கு முந்திய குழப்படி, பிறகு அடங்கிவிட்டார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வீட்டு யன்னலைத் திறந்தால் தெரிகிற கடலை ஐம்பது வருடம் பார்த்துக்கொண்டே தொடாமல் இருந்திருக்கிறார். அதுவும் எனக்காக.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே அம்மா!"

"சொன்னால் நீ சும்மா இருப்பியே? அடுத்த நாளே எனக்காகக் கடலுக்குள்ளை குதிச்சிருப்பாய். பிறகு கண்டம் வீடு தேடி வந்திருக்கும்."

அது உண்மைதான். என்னைப் பெற்றவருக்கு என்னைத் தெரியாதா!

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு அம்மா கனடாவுக்குப் போகிறார். தம்பி கூப்பிட்டு எல்லாம் சரிவந்துவிட்டது. இனி அங்கேதான் இருப்பு. முழங்கால் இருக்கிற நிலையில் திரும்பி வருகிற பேச்சில்லை.

"தம்பி வீட்டுக்குக் கிட்ட பெரிய ஏரி ஒண்டு இருக்காம். கடல் மாதிரியே இருக்குமாம்" என்றேன், ஆறுதலுக்கு.

"ஏரி உப்போ?"

"இல்லை."

"உப்பில்லாத தண்ணி என்ன தண்ணி" என்றார் அம்மா.

சும்மா போய்க் காலை நனையுங்கோ, முருகன் ஒன்றும் கோபிக்க மாட்டார் என்று அந்தக் கிழமை முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், கத்தினேன், கணவரை விட்டும் சொல்ல வைத்தேன். "நேர்த்தியை முறிச்சால் எனக்கில்லை, உனக்குத்தான் வரும்" என்று ஒரே பிடி. பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

சரி, பிரச்சினை இவ்வளவுதான். யாரும் தள்ளாமல் நான் ஓர் அலையைப் பிடித்துக் கரைக்கு வர வேண்டும். அம்மா விமானம் ஏறுவதற்கு முன் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு சோளகக் காற்று தொடங்கிக் கடலும் கொந்தளித்துவிடும், அம்மாவும் இருக்கமாட்டார்.

"இது ஒரு வேலையா!" என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன்.

பழி சுமந்த நிலா

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். அலையில் இரண்டு வகை. கரைக்குக் கிட்ட உடைந்து, நுரையாகப் புரண்டு வருகிற அலை ஒன்று. அதில் சாக்கு மூட்டையைப் போட்டாலும் கரை சேரும். மற்றது இன்னும் உடையாத பச்சை அலை. அதற்கு முன்னால் பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீரை வலித்துக்கொண்டு, அலை வரும் வேகத்துக்கு நாமும் போக வேண்டும். போனால்தான் அது நம்மை ஏற்றிக்கொள்ளும். இல்லாவிட்டால் கீழால் நழுவிப் போய்விடும். அந்த வேகத்தைத்தான் இத்தனை நாளும் ருவனின் கை எனக்குக் கடன் தந்திருக்கிறது.

"மல்லி, இண்டைக்குத் தொடக்கூடாது" என்று ருவனிடம் சிங்களத்தில் சொன்னேன், மல்லி என்றால் தம்பி. முப்பது வயது மதிக்கத்தக்க, வெயிலில் முடி செம்பட்டை பிடித்த, பொறுமையான மனிதர். "ஹரி அக்கே" என்று ஒப்புக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அன்று ஓர் அலையும் கிடைக்கவில்லை. ஒன்றுகூட இல்லை.

ஆனால் அந்த ஞாயிறுகளில் நான் ஒன்றும் கற்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கற்றேன். பலகையில் அதிகம் முன்னால் படுத்தால் அதன் மூக்கு தண்ணீரில் குத்திக் கவிழும், பின்னால் படுத்தால் பிரேக் பிடித்த மாதிரி நிற்கும் என்று தெரிந்துகொண்டு, என் நெஞ்சுக்கு நேரே பலகையில் ஓர் அடையாளம் பிடித்து வைத்தேன். கரையில் ஒரு வீட்டுக் கூரையில் இருந்த நீலத் தண்ணீர்த் தாங்கியும் ஒரு கோணல் தென்னையும் ஒரே நேராக வருகிற இடத்தில்தான் அலை நன்றாக எழும்புகிறது என்று கண்டுபிடித்தேன். சும்மா சும்மா எல்லா அலைக்கும் பாய்ந்து களைத்துப் போகாமல், சின்னதை விட்டு நல்லதுக்குக் காத்திருக்கவும் பழகினேன். தண்ணீர்த் தாங்கியால் எனக்கு வாழ்க்கையில் நன்மையும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் சரியாகச் செய்வேன். அலை பின்னால் வரும். பலகையின் வால் தூக்கும். அவ்வளவுதான், அலை என்னை விட்டுவிட்டுப் போய்விடும். பக்கத்தில் ஸ்டெல்லா அதே அலையில் எழும்பி நின்று, புதுமாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவாள். ஒரே நாளில் தொடங்கினோம், ஒரே வயது, அவளுக்கு என்னைவிட உடம்பும் கூட. எனக்கு வயிறு எரிந்தது.

கரைக்கு வந்து பலகையைத் திட்டுவேன். காற்றைத் திட்டுவேன். ருவன் பார்த்துக்கொண்டு நிற்பதால்தான் சரிவரவில்லை என்பேன். ஒருநாள் பௌர்ணமி முடிந்த கையோடு போனதால் நிலாவையும் விடவில்லை.

"சரி, இந்தக் கிழமை பழி நிலாவுக்கு. அடுத்த கிழமை யாருக்கு?" என்று ஸ்டெல்லா கேட்பாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஒன்றும் கேட்க மாட்டார். நான் திட்டுகிற திட்டைக் கேட்டுவிட்டு, பேசாமல் போய்ப் பயணப் பெட்டியில் இன்னும் இரண்டு சேலையை மடித்து வைப்பார். அந்தப் பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது.

மட்டக்குளி பஸ்

வருடப்பிறப்புக்கு முந்திய ஞாயிறு. அன்றும் அதே கதி. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் ஸ்டெல்லாவும் மணலில் வந்துகொண்டிருந்தோம். நான் தென்னை மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால், கரையோரத் தண்டவாளத்தில், காலிக்குப் போகிற ரயில் முழங்கிக்கொண்டு போயிற்று.

"ஏய், என்னாடி நின்னுட்ட?"

நான் நின்றிருந்தேன். பேச்சின் நடுவில், எடுத்த கால் எடுத்தபடி. ரயில் எங்கேயோ போகிறது, நான் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறேன்.

"ரயில் அங்க போகுது, நீ இங்க நிக்கிற. என்னாத்துக்கு?" ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "சுகி. தண்ணிக்குள்ளயும் நீ இதத்தான்டி செய்ற."

"எதை?"

"அலை வந்து பின்னால முழங்கும்தானே. அந்த நேரம் கை போடுறத நிப்பாட்டிர்ற. நான் எத்தனையோ தரம் பாத்திருக்கேன். களைச்சுட்டா போல எண்டு நினைச்சேன்."

ருவன் ஒவ்வொரு முறையும் "தவ தெகக் அக்கே, தவ தெகக்!" என்று கத்துவது காதில் கேட்டது. இன்னும் இரண்டு கை, இன்னும் இரண்டு கை. நான் போடுகிறேனே, பிறகேன் இவர் கத்துகிறார் என்று எரிச்சல்படுவேன். நான் போடவேயில்லை. முழக்கம் கேட்டதும் வெள்ளவத்தைப் பிள்ளை நின்றுவிட்டது. என்னைக் கடலிலிருந்து காப்பாற்ற அம்மா போட்ட "நில்லு!" இன்னும் என் தோளில் உட்கார்ந்திருந்தது. அந்த நேர்த்தி இத்தனை நாள் நிறைவேறாமல் நின்றதும் அதனால்தான்.

பயமில்லை பயமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, பயம் இருந்திருக்கிறது.

"உனக்கேன் அப்பிடி வாறேல்லை?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ரயிலா ஓடிச்சு? நாங்க மட்டக்குளி பஸ்ல வளந்த ஆளுங்க."

கொட்டாஞ்சேனையில் காலை நேரத்தில் பஸ் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். பஸ் ஹோல்ட்டில் பஸ் நிற்காது, மெதுவாகும். அவ்வளவுதான். நின்றுகொண்டு கையை நீட்டினால் கை நீட்டியபடியே நிற்கலாம். பஸ்ஸின் முழக்கம் பின்னால் கேட்டதும் ஓடத் தொடங்க வேண்டும். பக்கத்தில் வரும்போது அதன் வேகத்துக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கம்பியில் கை பட்டபிறகும் இரண்டு எட்டு ஓடித்தான் காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும். கை பட்டுவிட்டது என்று ஓட்டத்தை நிறுத்தினால் ரோட்டில்தான் கிடக்க வேண்டும்.

"சேலையோட பிடிச்சிருக்கேன்டி நான். கண்டக்டர் நகின்ன நகின்ன, ஏறு ஏறு எண்டு கத்துவான், நான் ஓடிட்டே இருப்பேன். அலையும் அதேதான். ஏத்திட்டுது எண்டு நினைச்சு நிப்பாட்டாத. ஏத்தின பிறகும் ரெண்டு எட்டு ஓடு."

அந்தக் கிழமை ரயிலில் போகவில்லை. வேலை முடிந்து கோட்டையிலிருந்து ஸ்டெல்லாவோடு கொட்டாஞ்சேனைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தேன், பஸ் பிடிப்பதற்காகவே. முதல் பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. இரண்டாவதில் ஏறினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மெதுவா அம்மே" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்ணை மூடின அம்மா

அம்மாவின் பயணம் புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு அம்மாவை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கல்கிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். "பிடிக்காட்டில் என்ன முகத்தோடை திரும்பி வருவாய்?" என்று கேட்டார். "இதே முகத்தோடைதான்" என்றேன்.

கடற்கரைக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். அம்மா அதற்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்தார். ஈரம் படாத மணலில், ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் தந்த பிளாஸ்ரிக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

அன்று அலை கொஞ்சம் பெரிது. சோளகத்தின் முன்னறிவிப்பு. ருவன் என்னைப் பார்த்தார். "தள்ளட்டா அக்கே?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் கைகளைக் கட்டிக்கொண்டார்.

நீலத் தாங்கியும் கோணல் தென்னையும் நேராக வந்தன. பலகையில் என் அடையாளத்தில் நெஞ்சை வைத்தேன். ஒன்று வந்தது, விட்டேன். அடுத்ததும் சரியில்லை. மூன்றாவது தூரத்திலேயே கறுத்துக்கொண்டு வந்தது. இதுதான் என்று தெரிந்தது.

திரும்பினேன். கை போடத் தொடங்கினேன். முதலில் ஆறுதலாக, பிறகு வேகமாக. பின்னால் முழக்கம் கேட்டது. தோள் இரண்டும் நிற்கப் பார்த்தன. நிற்கத்தான் பார்த்தன, பொய் சொல்லவில்லை.

"நகின்ன! நகின்ன! நகின்ன!"

பக்கத்தில் பலகையில் உட்கார்ந்துகொண்டு ஸ்டெல்லா கண்டக்டர் மாதிரிக் கத்தினாள். கடற்கரையே திரும்பிப் பார்த்திருக்கும்.

ஓடினேன். கைகளால் ஓடினேன். வால் தூக்கியது, நிறுத்தவில்லை. இன்னொரு கை. இன்னும் ஒன்று. அப்போது பலகை தானாக இறங்கத் தொடங்கியது. யாரும் தள்ளவில்லை. தண்ணீரின் சத்தமே மாறிவிட்டது. கையை ஊன்றி எழும்பினேன், நின்றேன். அலை என்னைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. "அம்மோய்!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. வாழ்க்கையில் நான் நிறையச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், கலியாணம், பிள்ளை, எல்லாம். இது வேறு. இதில் யாருடைய கையும் இல்லை.

முழங்காலளவு தண்ணீரில் குதித்து, காலில் கட்டிய கயிறு இழுக்க இழுக்கப் பலகையையும் இழுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"கண்டனீங்களோ அம்மா? கண்டனீங்களோ?"

அம்மா அப்போதுதான் கண்ணைத் திறந்தார். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியபடி இருந்தன.

"என்னத்தை?"

"அலை! நான் பிடிச்ச அலை! ஐயோ, நீங்கள் பாக்கேல்லையோ?"

"அவ்வளவு பெரிய அலை உனக்குப் பின்னாலை வருகுது, நான் எப்பிடிப் பாக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கும்பிட்டனான்."

எனக்கு அழுகை வந்தது. அப்படியே மணலில் குந்திவிட்டேன். இனி இன்னொன்று பிடிக்க என் தோளில் பலமில்லை. புதன்கிழமை அம்மா போய்விடுவார். வீடியோ எடுக்கவும் ஆளில்லை. எடுக்கிறவள் தண்ணீருக்குள் கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாளே.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்பினார்.

"எங்கை போறியள்?"

"நீ பிடிச்சிட்டாய்."

"நீங்கள்தான் காணேல்லையே!"

"பிடிக்காட்டில் இவ்வளவுக்குப் பலகையைத் திட்டியிருப்பாய். காத்தைத் திட்டியிருப்பாய். அந்தப் பெடியனைத் திட்டியிருப்பாய். வந்து இவ்வளவு நேரமாச்சு, நீ இன்னும் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன்.

அம்மா செருப்பைக் கழற்றி என் கையில் தந்தார். "இதைப் பிடி."

ஈர மணலில் இறங்கும்போது நான் பாய்ந்து போய் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"கையை விடு மோனை. தள்ளவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம்."

விட்டேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நடந்தார். முதல் தண்ணீர் வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அம்மா நிற்கவில்லை. அடுத்தது வருவதைக் கண்டு, என்னையறியாமல், "நில்லுங்கோ!" என்று கத்தினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு தோளைக் கொடுத்து, வந்த அலையை அப்படியே உடைத்தார். இடுப்புவரை நனைந்துபோனார். அப்படித் தோள் கொடுக்கப் பருத்தித்துறையில் யார் பழக்கினார்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை.

நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"அந்த நாளிலை இவ்வளவு உப்பு இல்லை" என்றார். பிறகு இன்னும் ஓரடி உள்ளே போனார்.

நான் கரையில் செருப்புக்குக் காவல் நின்றேன். அந்த வேலையை அதற்கு முன் நான் அவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.